கிணற்றுக்கு முறை இருக்கிறது, தண்டவாளத்துக்கு இல்லையா?

எங்கள் பக்கத்தில் கூட்டுக் கிணறு தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது நிலத்தை அளந்து கல் நட்டுவிடலாம். கிணற்றை எப்படிப் பிரிப்பது? அதனால் முறை வைத்தார்கள். திங்கள், செவ்வாய் பெரியவனுக்கு, புதன், வியாழன் சின்னவனுக்கு. என் முறையில் உன் மோட்டார் ஓடக்கூடாது, உன் முறையில் என் மோட்டார் ஓடக்கூடாது. ராசிபுரத்திலிருந்து மோகனூர் வரை எத்தனையோ பங்காளிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார்கள், ஆனால் முறை தவற மாட்டார்கள்.

நான் வேலை பார்த்த இடமும் ஒரு கூட்டுக் கிணறுதான். ரயிலுக்கும் மனிதனுக்கும் பொதுவான தண்டவாளம். முப்பத்தாறு வருஷம் பாதைப் பிரிவில் இருந்து, சீனியர் செக்ஷன் இன்ஜினியராக ஓய்வு பெற்றேன். அங்கே முறை சரியாக இல்லை என்பதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

2024 நவம்பர் 2, சனிக்கிழமை. ஷொர்ணூர் பக்கம் பாரதப்புழா ரயில் பாலத்தில் நான்கு துப்புரவுத் தொழிலாளர்கள் கேரளா எக்ஸ்பிரஸில் அடிபட்டு இறந்தார்கள். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். நான்கு பேருமே நம் சேலம் மாவட்டத்துக்காரர்கள். தண்டவாளத்தில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கச் சேலத்திலிருந்து கேரளத்துக்குப் போனவர்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். பாலத்தின் மேல் போக அவர்களுக்கு அனுமதி இல்லை, ஒப்பந்தக்காரர் முறையாகத் தெரிவிக்கவில்லை என்று ரயில்வே தரப்பில் சொன்னார்கள். ஒப்பந்தம் ரத்தானது, ஒப்பந்தக்காரர் மேல் வழக்குப் பதிவானது. நஷ்டஈடு அறிவித்தார்கள். அத்தோடு செய்தி முடிந்தது.

எனக்கு முடியவில்லை. காரணம், அந்த நான்கு பேரை எனக்குத் தெரியாது என்றாலும் அவர்களைப் போன்ற நானூறு பேரை வைத்து நான் வேலை வாங்கியிருக்கிறேன்.

தொண்ணூறுகளில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், ஒப்பந்தக்காரர் பெயரும் வேண்டாம். சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் ஓரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜல்லி சலிக்கும் வேலை. பத்துப் பதினைந்து பெண்கள் இரும்புச் சட்டியில் ஜல்லி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ரயில் வருகிறதா என்று பார்த்து விசில் ஊத ஓர் ஆளை வளைவில் நிறுத்தியிருந்தேன். பதினோரு மணிவாக்கில் ஒரு கடப்பாரை தேவைப்பட்டது. பக்கத்தில் வேறு ஆள் இல்லை. "ஓடிப்போய் எடுத்துக்கிட்டு வா" என்று அவனையே அனுப்பினேன். ஐந்து நிமிஷ வேலைதானே!

அந்த ஐந்து நிமிஷத்தில் எக்ஸ்பிரஸ் வந்துவிட்டது. நான் பார்த்துக் கத்தினேன், எல்லோரும் சரிவில் இறங்கிவிட்டார்கள். ஒரு அம்மா மட்டும் பாதி இறங்கியவர் திரும்பி மேலே ஏறினார். ஸ்லீப்பர் ஓரத்தில் வைத்திருந்த தூக்குப்போசியை எடுக்க. மேஸ்திரி அவர் சேலையைப் பிடித்து இழுக்கவில்லை என்றால் நான் இன்றைக்கு வேறு கதை எழுதிக்கொண்டிருப்பேன். ரயில் போன பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னது: "ஏனுங்க சாமி, சோறு போச்சுங்களே!"

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் நான் செய்த அடுத்த தப்பைக் கேளுங்கள். அதைப் பற்றி ஒரு வரி ரிப்போர்ட் எழுதவில்லை. என் மேல் குற்றம் வரும் என்ற பயம் ஒன்று. இன்னொன்று, எழுத ஒரு பத்தியே இல்லை. ரயிலுக்குச் சேதமில்லை. ரயில் நிற்கவில்லை, தாமதமும் இல்லை. அடிபடவிருந்த பெண் என் மஸ்டர் ரோலில் இல்லை, அவர் பெயரே எனக்குத் தெரியாது. என்னவென்று எழுதுவது? தூக்குப்போசி நசுங்கியது என்றா?

இங்கேதான் என் வாதம் ஆரம்பிக்கிறது. நம் ரயில்வேக்கு 1976ஆம் வருஷத்துப் பொது விதிகள் இருக்கின்றன. அதில் பதினைந்தாம் அத்தியாயம் பாதை வேலை பற்றியது. நாங்கள் மனப்பாடமாகப் படித்து பரீட்சை எழுதியது. பாதையில் தடை ஏற்படும்படி வேலை செய்தால், அகலப் பாதையில் 600 மீட்டரில் பேனர் கொடி கட்டு, 1200 மீட்டரில் மூன்று பட்டாசு வை. எதற்காக? வருகிற ரயில் கவிழாமல் இருக்க. ரொம்பச் சரி. ஆயிரம் பேர் உயிர் அதில் இருக்கிறது. ஆனால் அந்த விதியின் கண் ரயிலைப் பார்க்கிறது. தண்டவாளத்தைப் பிரித்துப் போட்டிருந்தால் கொடி உண்டு. தண்டவாளம் முழுசாக இருந்து, அதன் மேல் ஒரு கிழவி குனிந்து குப்பை பொறுக்கினால்? ரயிலுக்கு ஆபத்தில்லை. அதனால் கொடியும் இல்லை, பட்டாசும் இல்லை.

கேங் ஆட்களுக்குப் பார்வையாள் போட வேண்டும் என்று பொறியியல் கையேட்டில் இருக்கிறதே என்று என் பழைய சகாக்கள் சொல்வார்கள். இருக்கிறது. அது கேங்குக்கு. கேங்மேன் வளைவுக்கு வளைவு, பாலத்துக்குப் பாலம் ரயிலின் போக்கை அறிந்தவன். எந்த வண்டி எந்நேரம் வரும் என்று தூக்கத்திலும் சொல்வான். அவனுக்கே இந்தக் கதி: 2012ல் அனில் ககோட்கர் தலைமையிலான உயர்நிலைப் பாதுகாப்புக் குழு அறிக்கை கொடுத்தது. சுமார் நாலு வருஷத்தில் ரயில்வே ஊழியர்கள் ஏறக்குறைய 1600 பேர் வேலையில் இறந்தார்கள், 8700 பேர் காயப்பட்டார்கள் என்று அதில் இருந்தது. அது ஊழியர் கணக்கு. ஒப்பந்த ஆள் ஊழியர் இல்லையே!

ரயில் பாதையே பார்த்திராத ஒருவரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், பழக்கமில்லாத ஊரில், பாஷை தெரியாத இடத்தில், இரட்டைப் பாதையில் இறக்கிவிட்டு, "பார்த்து வேலை செய்யுங்க" என்றால் அவர் எதைப் பார்ப்பார்? குப்பையையா, ரயிலையா?

ஒரு சின்னக் கணக்கு. 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடிக்கு முப்பது மீட்டருக்கு மேல் வருகிறது. பதினைந்து விநாடியில் ஏறக்குறைய 460 மீட்டர். இந்தக் காலத்து மின்சார எஞ்சின் பழைய டீசல் மாதிரி ஊரைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை. சேலம் வழியாகப் போகிற வந்தே பாரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓசை காதில் விழும்போது வண்டி மூக்குக்கு முன்னால் நிற்கும். தரையில் என்றால் ஒரு எட்டு ஒதுங்கலாம். பாலத்தில் எங்கே ஒதுங்குவது? இடைவெளி விட்டு இருக்கும் ஒதுங்குமேடைக்கு, ஸ்லீப்பருக்கு ஸ்லீப்பர் தாவி, கையில் சாக்கோடு, ஐம்பத்தைந்து வயதுப் பெண் பதினைந்து விநாடியில் போய்ச் சேர முடியுமா?

"ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது சார், ஆட்களின் பாதுகாப்பு ஒப்பந்தக்காரர் பொறுப்பு" என்பார்கள். நானும் இப்படி எத்தனையோ கையெழுத்து வாங்கியிருக்கிறேன். யோசித்துப் பாருங்கள். ரயில் எப்போது வரும் என்று தெரிந்தவர் ஸ்டேஷன் மாஸ்டர். ரயிலை நிறுத்தவும் மெதுவாக்கவும் முடிந்தது ரயில்வேயால். ஒப்பந்தக்காரரிடம் இருப்பது ஒரு லாரியும் ஒரு செல்போனும். மோட்டார் சுவிட்சைத் தன் கையில் வைத்துக்கொண்டு, கிணற்றுக்குள் இறங்கியவனின் உயிருக்கு அவன் மேஸ்திரி பொறுப்பு என்று பத்திரம் எழுதி வாங்குவது எந்த ஊர் நியாயம்?

"ஒவ்வொரு குப்பை பொறுக்கும் வேலைக்கும் ரயிலை நிறுத்தினால் வண்டி ஓடுமா?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். எல்லா வேலைக்கும் நிறுத்தச் சொல்லவில்லை. திட்டமிடச் சொல்கிறேன். அது முடியாத காரியமும் இல்லை. 2023 கடைசியில் பொது விதிகளைத் திருத்தி ரோலிங் பிளாக் என்ற ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். எந்தப் பகுதியில் எப்போது பராமரிப்பு வேலை என்று 52 வாரம் வரை முன்கூட்டியே திட்டம் போட வேண்டும் என்பது அதன் சாரம். இயந்திரத்துக்கு 52 வாரம் வரை முன்னால் நேரம் ஒதுக்கத் தெரிந்த நமக்கு, துடைப்பம் பிடித்த ஆளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கத் தெரியாதா? விதி திருத்த முடியாத வேதம் இல்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் 1997ல் பாதைத் தொழிலாளர் பாதுகாப்புக்கென்று தனி விதி நடைமுறைக்கு வந்தது. அதில் எனக்குப் பிடித்த இடம் மூன்று. பாதைத் தொழிலாளி யார் என்று சொல்லும்போதே ரயில்வே ஊழியரையும் ஒப்பந்தக்காரரின் ஊழியரையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டார்கள். பார்வையாள் எச்சரித்து, ரயில் வருவதற்குப் பதினைந்து விநாடிக்கு முன்பே ஆட்கள் பாதுகாப்பான இடத்தில் போய் நின்றிருக்க வேண்டும். இந்த இடம் ஆபத்தானது என்று நேர்மையாக நினைக்கும் தொழிலாளி, கேள்வி எழுப்பித் தண்டவாளத்தை விட்டு விலகி நிற்கலாம். பிரிட்டனில் 2019 ஜூலை 3ஆம் தேதி, வேல்ஸில் மார்கம் என்ற இடத்தில் இரண்டு பேர் ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். இரைச்சல் கருவியோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்வையாள் இல்லை. அதன் பிறகு அங்கே, ஓடுகிற ரயிலுக்கு நடுவில் வெறும் பார்வையாளை நம்பி வேலை செய்யும் முறையையே ஏறக்குறைய கைவிட்டார்கள். இரண்டு உயிருக்கு அங்கே முறை மாறியது. நான்கு உயிருக்கு இங்கே ஒப்பந்தம் ரத்தானது.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவன் நான் இல்லை. விதியில் சேர்க்க வேண்டியது என்று நான் நினைப்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சம்பளம் யார் கொடுத்தாலும் சரி, ரயில்வேயின் வேலைக்காகத் தண்டவாளத்தில் கால் வைப்பவர் எவரும் பாதைத் தொழிலாளி என்று பொது விதியிலேயே எழுத வேண்டும். துடைப்பம், சாக்கு, கடப்பாரை என்று பேதம் கூடாது.

பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டருக்கு எழுத்தில் தெரிவித்து, அவர் பிரைவேட் நம்பர் கொடுத்த பிறகே முதல் ஆள் இறங்க வேண்டும். கடைசி ஆள் ஏறிய பிறகு அதேபோல் முடித்துக்கொள்ள வேண்டும். இடையில் போகும் ஒவ்வொரு லோகோ பைலட்டுக்கும் காஷன் ஆர்டரில் "ஆட்கள் வேலை செய்கிறார்கள்" என்று போக வேண்டும். ஆள் இருப்பது தெரிந்தால் அவர் விசிலாவது விடாமல் ஊதிக்கொண்டு வருவார்.

பார்வையாள் ரயில்வே ஆளாகவே இருக்க வேண்டும், ஒப்பந்தக்காரரின் கூலியாள் கூடாது. அவர் கையில் கொடியும் விசிலும் தவிர வேறு வேலை எதுவும் கொடுக்கக் கூடாது. கடப்பாரை எடுக்க அனுப்பியவன் சொல்கிறேன்.

பாலத்திலும் சுரங்கத்திலும் பார்வையாளே போதாது. பிளாக் எடுத்தால் வேலை, இல்லையென்றால் வேலை இல்லை. வேலை முடிந்து நடந்து திரும்புவதற்கும் அதே விதி. குப்பை ஒரு நாள் கூடக் கிடந்தால் யாரும் சாக மாட்டார்கள்.

காலையில் இறங்கும் முன் ஐந்து நிமிஷம், அவர்கள் பாஷையில், ரயில் எந்தப் பக்கம் வரும், எங்கே ஒதுங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பெயர் எழுதினாலே பாதிப் பொறுப்பு வந்துவிடும். அந்தத் தூக்குப்போசி அம்மாவின் பெயரை நான் எழுதியிருந்தால், கடப்பாரைக்கு வேறு ஆளைத் தேடியிருப்பேனோ என்னவோ. உயிர் தப்பிய சம்பவங்களையும் எழுத ஒரு பத்தி வேண்டும், எழுதியவனைத் தண்டிக்காத பத்தி.

இதில் எதற்கும் புதுக் கருவி வேண்டாம். கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு நம்பர், ஒரு விசில், கொஞ்சம் நேரம்.

மாலை நடைக்குப் போகும்போது நாமக்கல் ஸ்டேஷன் பக்கம் சில நாள் போவேன். 2013ல் திறந்த பாதை, என் கண் முன்னால் வந்தது. அங்கே தண்டவாளத்தில் யாராவது குனிந்து வேலை செய்தால் என் கண் தானாக இரண்டு பக்கமும் போகும், கொடி எங்கே, பார்வையாள் எங்கே என்று. வீட்டில் கேட்பார்கள், "ரிட்டையர் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் என்னங்க?" என்று.

படிக்கிறவர்களில் இன்னும் சர்வீஸில் இருக்கும் தம்பிகள் யாராவது இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விதி மாறும் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்குக் காலையில் உங்கள் செக்ஷனில் ஒப்பந்த ஆட்கள் இறங்கினால், முதலில் பெயரைக் கேளுங்கள்.