குட்டி யானையில் பிறந்தவள்

பெருமதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

திங்கள்கிழமை குறைதீர்ப்பு நாளில் வரிசையில் நின்று கொடுத்த மனுக்களுக்கெல்லாம் ஒப்புகைச் சீட்டு வந்துவிட்டது. அந்த வகையில் குறை ஏதும் இல்லை. சீட்டுக்குப் பிறகு வேறு எதுவும் வரவில்லை என்பதால்தான் இந்த மடல் அஞ்சல் உறையில் வராமல் அச்சில் வருகிறது.

விதி எண்களும் அரசாணைகளும் இதில் இருக்காது. அவை தங்களுக்கு மனப்பாடம். ஒரு குழந்தையின் கதை மட்டுமே இருக்கிறது. ஊர்ப் பெயர், ஆள் பெயர், அலுவலகப் பெயர் எதையும் எழுதவில்லை. எழுதினால் யாரோ ஓர் எழுத்தருக்கு இடமாறுதல் கிடைக்கும். குழந்தைக்குச் சான்றிதழ் கிடைக்காது.

திருப்பூரிலிருந்து பல்லடம் பக்கமோ காங்கயம் பக்கமோ போகும்போது, சாலையோரப் புறம்போக்கில் குட்டி யானை என்று சொல்லும் சிறு சரக்கு வண்டி ஒன்று நிற்பதைத் தாங்களும் கார்க் கண்ணாடி வழியே பார்த்திருக்கலாம். பக்கத்தில் தார்ப்பாய்க் கூடாரம். அதன்மேல் மழைக்குப் போர்த்திய பழைய ஃபிளக்ஸ் பேனர். காதுகுத்து விழாவுக்கு வரவேற்கும் யாரோ ஒரு தாய்மாமன் அதில் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருப்பார். மத்தியப் பிரதேசத்திலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வரும் இரும்புப் பட்டறைக் குடும்பங்கள் அவை. லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அரிவாள், கொடுவாள், மண்வெட்டி, களைக்கொத்து, கோடாரி என்று கேட்டதை அடித்துக் கொடுப்பார்கள். கணவர் குறட்டால் பிடித்துத் திருப்பித் திருப்பி வைப்பார். சம்மட்டி போடுவது மனைவி. ஊர்ப் பட்டறைகள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும் இந்தக் காலத்தில், தென்னந்தோப்புக்காரர்களுக்கு அரிவாள் வேண்டுமென்றால் இந்த வண்டி வரவேண்டியிருக்கிறது.

இந்தக் கதையின் குடும்பத்துக்கு அப்படியொரு வண்டிதான் வீடு. அடைகல், சம்மட்டிகள், கரி மூட்டை, கோதுமை மாவு, கயிற்றுக் கட்டில், நான்கைந்து பாத்திரம், மாமியார், மூன்று பிள்ளைகள் எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். வெயிலுக்கு முன் வேலை முடிய வேண்டும் என்பதால் விடிவதற்குள் உலை மூட்டுவார்கள். மூத்த பையன் ஊதுகுழல் விசிறியைச் சுற்றுவான். அவனுக்கு அடுத்தவள் பக்கத்துத் தோட்டத்துப் போர்வெல்லில் தண்ணீர் பிடித்து வருவாள். காலையில் விவசாயிகள் வரும்போது சூடாக வேலை நடந்துகொண்டிருக்கும். “நல்ல இரும்புங்க, லாரிப் பட்டைங்க, வளையாதுங்க” என்று கொங்குத் தமிழில் மூன்று வாக்கியம் தெரியும். அந்த மூன்றும் வியாபாரத்துக்குப் போதும். மற்ற எதற்கும் போதாது.

பின்னலாடை நகரம் இவர்களுக்குக் கொடுத்தது துணி. காதர்பேட்டையில் கிலோ கணக்கில் வாங்கிய பனியன் துணியில்தான் கைக்குழந்தையாக இருந்த கடைக்குட்டிக்குத் தூளி கட்டினார்கள். பிள்ளைகள் போட்டிருக்கும் செகண்ட்ஸ் டி-சர்ட்டின் கழுத்துப் பட்டையில் ஐரோப்பியக் குழந்தைகளுக்கான வயதும் அளவும் அச்சாகியிருக்கும். எத்தனை வயதுக் குழந்தை எந்தச் சட்டை போட வேண்டும் என்று அந்த ஊர் நிர்ணயித்து வைத்திருக்கிறது. அந்தத் தூளியில் கிடந்த குழந்தையின் வயதைத் தங்கள் நிர்வாகத்தால் இன்னும் நிர்ணயிக்க முடியவில்லை.

2023 கார்த்திகை. அடைமழை இரவு. வலி எடுத்ததும் அடைகல்லையும் கரி மூட்டையையும் இறக்கிப் போட்டுவிட்டு, வண்டியின் பின்பக்கம் சாக்கு விரித்துத் தாயைப் படுக்கவைத்தார்கள். கணவர் ஓட்டினார். மாமியாரும் மூத்த மகளும் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். அரசு மருத்துவமனைக்கு இன்னும் சில கிலோமீட்டர் இருக்கும்போதே குழந்தை பிறந்துவிட்டது. வண்டி நிற்கவில்லை. மாமியார் முன்பக்கத் தகரத்தில் ஓங்கித் தட்டிக்கொண்டே இருந்தார், போ போ என்று. முதன்முதலாக வண்டி நின்றது மருத்துவமனை வாசலில்.

செவிலியர்கள் மழையில் ஓடிவந்தார்கள். வண்டியிலேயே தொப்புள்கொடி வெட்டப்பட்டது. குழந்தையைத் துடைத்து, சுற்றி, தாய்க்குப் படுக்கை கொடுத்து, விடியும்வரை பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். அன்றிரவு அரசு தன் வேலையை மிக நன்றாகச் செய்தது. இதை எழுதாமல் விட்டால் பாவம்.

காலையில் அலுவலகம் திறந்தது.

“பிக்மி நம்பர் இருக்குதுங்களா?” கர்ப்பத்தைப் பதிந்ததும் கொடுக்கும் எண் அது. இல்லை. அந்தக் கர்ப்பகாலத்தில் வண்டி நான்கு ஊர்களில் நின்றிருக்கிறது. ஓர் ஊரில் கிராம சுகாதாரச் செவிலியர் தடுப்பூசி போட்டு, இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருக்கிறார். எண் வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. “அதுவுமில்லாம, குழந்தை இங்க பிறக்கலையேங்க. வழியில பிறந்ததை நாங்க எப்படிங்க எழுதறது? அந்த ஊர் வி.ஏ.ஓ.வைப் பாருங்க.”

அந்த ஊர் எது? சாலை இரண்டு கிராமங்களுக்கு எல்லை. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. கிழக்கூர் கிராம நிர்வாக அலுவலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வடக்கே போன வண்டி இடது பக்கமாகத்தான் போயிருக்கும், இடது பக்கம் மேற்கூர் என்றார். மேற்கூர்க்காரர் ஒருபடி மேலே போனார். “ரோடு நெடுஞ்சாலைத் துறைக்குச் சேர்ந்ததுங்க. எங்க கணக்குல வராது.”

மாண்புமிகு ஆட்சியர் அவர்களே, நெடுஞ்சாலைத் துறையிடமும் விசாரித்தாயிற்று. அவர்களிடம் பாலங்களுக்கும் மரங்களுக்கும் பதிவேடு இருக்கிறதாம். குழந்தைகளுக்கு இல்லை.

இத்தனைக்கும், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969ல். ஓடும் வண்டியில் பிறந்தால் வண்டி முதலில் நிற்கும் இடத்தில் பதிய வேண்டும் என்பதை அதன் விதிகளை எழுதியவர்கள் யோசித்து வைத்திருக்கிறார்கள். ரயிலில் பிறக்கும், பேருந்தில் பிறக்கும், மாட்டு வண்டியிலும் பிறக்கும் நாடு இது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விதிகளைச் சொல்வதில்லை என்று தொடங்கிய மடல் இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டது, மன்னிக்கவும்.

மூன்று வாக்கியத் தமிழை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் என்ன செய்யும்? வழக்கமாக அரிவாள் வாங்கும் ஒரு தோட்டத்துக்காரர்தான் மனு எழுதினார், கூடவே நடந்தார். குறைதீர்ப்பு நாளில் கொடுத்த மனு கோட்டத்துக்குப் போனது, கோட்டத்திலிருந்து தாலுகாவுக்கு, தாலுகாவிலிருந்து கிராமத்துக்கு. அதாவது, யாரைப் பற்றி மனு கொடுக்கப்பட்டதோ அவருடைய மேசைக்கே அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. “மனுதாரர் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை” என்று அவர் எழுதினார். பொய் இல்லை. வண்டி அதற்குள் அடுத்த ஊரில் நின்றது. மனு முடித்துவைக்கப்பட்டதாகத் தோட்டத்துக்காரரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது.

இப்படியே ஓராண்டு கடந்ததும், இனி வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும் என்றார்கள். அதற்கு உறுதிமொழிப் பத்திரம் வேண்டும், இருப்பிடச் சான்று வேண்டும், பதிவேட்டில் இப்பிறப்பு இல்லை என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்றும் வேண்டும். எங்கள் ஊரில் பிறக்கவே இல்லை என்று வாயால் சொன்ன இருவரும், எங்கள் பதிவேட்டில் இல்லை என்று எழுத்தில் கொடுக்க மறுக்கிறார்கள். எழுதினால் பொறுப்பு வந்துவிடுமாம். சொந்த மாநிலத்தில் பதிந்துகொள்ளச் சொன்னவரும் உண்டு. அங்கே கேட்டால், தமிழ்நாட்டில் பிறந்த குழந்தையை நாங்கள் எப்படிப் பதிவது என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி.

அக்காவும் அண்ணனும் இப்படியா கஷ்டப்பட்டார்கள் என்று கேட்கலாம். இல்லை. அவர்கள் முன்பே பிறந்துவிட்டார்கள். திருத்தப்பட்ட பிறப்புப் பதிவுச் சட்டம் 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் இந்த ஒரு சான்றிதழ்தான். மூத்தவர்களுக்கு இருந்த சந்து பொந்துகள் இவளுக்கு இல்லை. சில வாரம் தாமதித்துப் பிறந்ததுதான் இவள் செய்த குற்றம்.

நிர்வாகத்துக்கு வேகம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது திருப்பூர் எப்படி இயங்கியது! இந்தி பேசும் ஆட்களுடன் உதவி எண்கள் திறந்தன. அதிகாரிகள் பனியன் கம்பெனிகளுக்கும் தங்குமிடங்களுக்கும் நேரில் போனார்கள். பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் குழுக்கள் வந்தன. நல்ல காரியம். ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்யும் ஊரில் தையல் மெஷின் நின்றுவிடக் கூடாது. சம்மட்டி நின்றால் யாருக்கு நஷ்டம்? இந்தி தெரிந்த ஓர் ஊழியரைக் கூடாரத்துக்கு அனுப்ப அன்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை?

காணொளி வேண்டுமோ என்னவோ. 2021 அக்டோபரில் மாமல்லபுரத்தில் கோயில் அன்னதானத்தில் உட்கார விடாமல் துரத்தப்பட்ட நரிக்குறவப் பெண் பேசியதை நாடே பார்த்தது. அமைச்சர் அவருடன் பந்தியில் அமர்ந்து சாப்பிட்டார். அந்தத் தீபாவளியன்று முதலமைச்சரே அந்தப் பெண்ணின் ஊரான பூஞ்சேரிக்குப் போய்ப் பட்டாவும் சாதிச் சான்றும் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியும், கேட்பவர் மனம் சுடும்படி பேசவும் தெரியும். இந்தத் தாய் பேசினால் இங்கே யாருக்கும் புரியாது. அவர் பேச்சு பரவப் போவதுமில்லை.

வண்டிக் கொல்லர்களை மதித்த அரசாங்கம் இந்த நாட்டில் இருந்ததே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1568ல் சித்தூர்க் கோட்டை அக்பரிடம் வீழ்ந்தபோது, அது மீளும்வரை கூரைக்குக் கீழே வாழ்வதில்லை என்று மேவாரின் கொல்லர்கள் சபதம் எடுத்துக்கொண்டதாக ஒரு மரபு உண்டு. காடியா லோகார் என்று வடக்கே அவர்களைச் சொல்வார்கள். இங்கே வரும் குடும்பங்களிலும் சிலர் தங்களை அந்த வழி என்கிறார்கள். 1955ல் பிரதமர் நேரு தாமே முன்னால் நடந்து அவர்களைச் சித்தூர்க் கோட்டைக்குள் அழைத்துப்போனார். சபதம் அன்றோடு முடிந்தது. கூரை மட்டும் பலருக்கு இன்னும் வரவில்லை.

2022ல் நாடோடிச் சமூகங்களுக்கென்று ஐந்தாண்டுக்கு 200 கோடி ரூபாயில் மத்திய அரசு ஒரு திட்டம் அறிவித்தது: வீடு, மருத்துவக் காப்பீடு, படிப்பு, தொழில். அதில் சேரச் சாதிச் சான்று வேண்டும். சாதிச் சான்றுக்கு முகவரி வேண்டும். நாடோடிக்கு!

திருப்பூர் டி-சர்ட் போய்ச் சேரும் பிரான்சில், 5,000 பேருக்கு மேல் வாழும் ஊர்கள் கேரவனில் வாழும் குடும்பங்கள் வந்து தங்க இடம் ஒதுக்குவதில் பங்கேற்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்கள். எல்லா ஊரும் செய்துவிடவில்லை. அங்கேயும் நம்மைப் போன்ற அலுவலகங்கள் இருக்கும். ஆனாலும் வண்டி நிற்கும் இடமும் ஓர் இடம்தான் என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் அரசுக்கும் வண்டியில் வாழ்வது பிடிக்காமல் இல்லை. 2023ல் வந்த தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கையில் கேரவன் சுற்றுலாவுக்கு ஊக்கம் உண்டு. பக்கத்துக் கேரளம் 2021லேயே அதைத் தொடங்கிவிட்டது. ஏ.சி.யும் கழிவறையும் உள்ள வண்டியில் குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கினால் விருந்தாளி. அடைகல்லோடு வந்து தங்கினால் ஆக்கிரமிப்பு. அப்படியென்றால் அந்தக் குட்டி யானையைச் சுற்றுலா வாகனமாகவே அறிவித்துவிடுங்களேன். ஆஸ்பத்திரி வாசல் அதன் முதல் நிறுத்தம் என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளலாம்.

என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். கேட்டால் நல்லது. வண்டியில் பிறந்தவள் இப்போது நடக்கிறாள், ஓடுகிறாள். உலைக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். அப்பா மொழியிலும் தோட்டத்துக்காரர் மொழியிலும் மாறி மாறிப் பேசுகிறாள். ‘வாங்க’, ‘உக்காருங்க’ என்று மரியாதையோடுதான் பேசுகிறாள். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த மண். அவள் பிறந்த இரவில் மருத்துவமனைப் பதிவேட்டில் தாயின் பெயர், நேரம், எடை எல்லாம் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கத் தங்களுக்கு யாருடைய மனுவும் தேவையில்லை.

வண்டி இப்போது தங்கள் எல்லைக்குள்தான் நிற்கிறது. தை கடைசிவரை நிற்கும். அதன்பிறகு ஒட்டன்சத்திரம் பக்கம் போவதாகச் சொல்கிறார்கள். அங்கே ஆட்சியர் வேறு. அதற்குள் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.