சைரன் சத்தம் கேட்கும் வரை சும்மா இருப்பதா? முதல் 10 நிமிடம் நம்ம கையில்தான்!

காரைக்குடி:

திருப்பத்தூர் அருகே கும்மங்குடியில் 2025 நவம்பர் 30-ந்தேதி 2 அரசு பஸ்கள் நேருக்கு நேர் மோதின. 11 பேர் பலியானார்கள். அதில் ஒரு பஸ் காரைக்குடிக்கு வந்து கொண்டிருந்த பஸ்.

இப்படி ஒரு விபத்து நடந்தால் முதலில் கை கொடுப்பது யார்? ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் வந்து சேர நேரம் ஆகும். பக்கத்து வயலில் வேலை பார்ப்பவர், டீக்கடைக்காரர், பைக்கில் போனவர்... இவங்கதான் முதல் ஆள். ஆனால் என்ன செய்யணும்னு இவர்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

2025 மே 7-ந்தேதி நாடு முழுவதும் போர்க்கால ஒத்திகை நடந்தது. தமிழகத்தில் சென்னை துறைமுகமும் கல்பாக்கமும்தான் அதற்கு களம். டி.வி.யில் பார்த்ததோடு நாம் மறந்து விட்டோம். "நம்ம ஊருக்கு எவன்ப்பா குண்டு போடப் போறான்?" என்று சிரித்தவர்களும் உண்டு.

பர்மா சொன்ன பாடம்

செட்டிநாட்டுக்காரர்கள் இப்படிச் சிரிக்கக் கூடாது. 1941 டிசம்பர் 23-ந்தேதி ரங்கூனில் ஜப்பான் விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. பதுங்கத் தெரியாமல் தெருவில் நின்று வானத்தை வேடிக்கை பார்த்தவர்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். அதன் பிறகு காடு, மலை தாண்டி நடந்தே ஊர் திரும்பிய தமிழர்கள் கதையை நம்ம தாத்தா, பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

சிவில் பாதுகாப்பு என்றால் யுத்தம் மட்டும் அல்ல. 1968-ல் வந்த சட்டத்தை 2009-ல் திருத்தி வெள்ளம், புயல் போன்ற பேரிடரையும் சேர்த்து விட்டார்கள்.

பூட்டிய வீடுகள்

நம்ம ஊரில் வேறு ஒரு சிக்கலும் இருக்கிறது. முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு என்று நீளும் வீடுகள். பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. சிலவற்றில் வயதானவர் ஒருவர் மட்டும் இருப்பார். பின்கட்டில் அவர் விழுந்து கிடந்தால் முன்வாசலில் தட்டுபவருக்கு எப்படித் தெரியும்? சாவி யாரிடம், தனியாக இருப்பவர் யார் என்று தெருவில் 2 பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இதற்கு காசு செலவு இல்லை.

எண்ணெய் சட்டியில் தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து மூடி போடுங்கள். கியாஸ் வாடை வந்தால் லைட் சுவிட்சை தொடவே கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு போன் போடுங்கள்.

ஊரணியில் ஒருவர் மூழ்கினால் பதறிப் போய் குதிக்காதீர்கள். கயிறு, வேட்டி, சேலை எதையாவது வீசுங்கள். பாம்பு கடித்தால் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. நடக்க விடாமல் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்கள்.

போலீஸ் கேசுக்கு பயமா?

விபத்தில் அடிபட்டவரைத் தூக்க பலரும் தயங்குவது கோர்ட்டு, கேசுக்கு பயந்துதான். அந்த பயம் இனி வேண்டாம். நல்ல எண்ணத்தோடு உதவுகிறவர் மீது வழக்கு பாயாது என்று 2019-ல் மோட்டார் வாகன சட்டத்திலேயே சேர்த்து விட்டார்கள். நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையும் இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ந்தேதி 94 பிஞ்சுகள் கருகின. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூட கூரைகளை எண்ணிப் பார்த்தோம். பலி விழுந்த பிறகு பாடம் படிப்பது நமக்குப் பழகி விட்டது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம். அப்போது வீரர்களை நம்ம தெருவுக்கே கூப்பிட்டு, பெண்கள், சிறுவர்கள் முன்னால் செய்து காட்டச் சொல்லலாம். மகளிர் குழு, ஆட்டோ ஸ்டாண்டு, கோவில் கமிட்டி என யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

108, 101, 112, மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. இந்த நம்பர்களை இன்றைக்கே வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். வண்டி வரும்வரை உயிரைப் பிடித்து வைக்கப் போவது பக்கத்து வீட்டுக்காரர்தான். அந்த பக்கத்து வீட்டுக்காரர் நாளைக்கு நீங்களாகவும் இருக்கலாம்!