சேறு தேடிப் போகும் ஜீப்புகள்

சனிக்கிழமை காலையில் கண்டி–மஹியங்கனை வீதியில் ஜீப்புகளும் கெப்களும் வரிசைகட்டிப் போவது தெல்தெனியக் கடைக்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி. ஹுன்னஸ்கிரியவில் இடதுபுறம் திரும்பி, லூல்வத்தையைத் தாண்டி, கோர்பட்ஸ் கெப் கணவாயில் ஏறி, மீமுரே கிராமத்துக்கு இறங்குவது வார இறுதிக் குழுக்களுக்குப் பிடித்த வழி. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் கிடுகிடு பள்ளம். எதிரே கிராமத்து வண்டி வந்தால் ஒதுங்க இடம் தேடவேண்டும். முதல் கியரில் மெல்ல இறங்கும் அந்த அனுபவத்துக்கு ஆசைப்படுவதில் தவறேயில்லை.

பாதையை விட்டு இறங்கும்போதுதான் வினை தொடங்குகிறது.

யூடியூபில் அமெரிக்காவின் மோவாப் பள்ளத்தாக்குகளையும் ஓமானின் வாடிகளையும் பார்த்துப் பழகியவர்கள், அதே சாகசத்தை மீமுரேயைச் சூழ்ந்த நக்கிள்ஸ் மலையிலும் தேடுகிறார்கள். மோவாபிலும் ஓமானிலும் கீழே இருப்பது பெரும்பாலும் காய்ந்த பாறை. அப்படியிருந்தும், பாலைவன மண்ணின் மேலுள்ள உயிர்ப்படலம் ஒருமுறை நசுங்கினால் மீளப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், மோவாபில் குறித்த தடங்களை விட்டு விலகக் கூடாதென்று ஓட்டுநர்களிடம் வலியுறுத்துகிறார்கள். நக்கிள்ஸில் இருப்பதோ செங்குத்துச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரமண். சில்லு புதைந்து உண்டான தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகிறது. தண்ணீர் அதன் வழியே ஓடி மண்ணை அரித்து, சில பருவங்களில் அதை ஓடையாக்கிவிடும். 2025 நவம்பரில் டித்வா புயல் மழை கண்டி மாவட்டத்துச் சரிவுகளை எப்படிப் பெயர்த்தது என்பதை நாடே பார்த்தது. இத்தகைய சரிவில் புதிதாக ஒரு தடம் போடுவதை விளையாட்டென்று சொல்ல மனம் வரவில்லை.

நக்கிள்ஸ் மலை 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமானது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. இங்குள்ள ஓடைப் பாறைகளில் வாழும் ஒரு சிறு தவளை உலகில் வேறெங்கும் இல்லை. அதன் தலைப்பிரட்டைகள் குளத்தில் நீந்துவதில்லை. பாறைமேல் மெல்லிய படலமாக வழியும் நீரில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. நீரைச் சிதறடித்து ஓடையைக் கடக்கும் ஜீப்பின் டயர் ஏறுவது அந்தப் பாறையில்தான். சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்க வின்ச் கம்பியை நேரே மரத்தில் சுற்றினால் பட்டை உரிந்துவிடும். அகலமான பட்டியொன்றை இடையில் போட்டால் மரம் தப்பும். பட்டி பெரிய விலையில்லை, ஆனால் எல்லா வண்டியிலும் அது இருப்பதில்லை.

மலையில் மனிதர்களும் இருக்கிறார்கள். ஓடையில் கலங்கும் நீர் கீழே குளிக்கவும் துவைக்கவும் போகிறது. தோட்டத்து லயன்களிலிருந்து பாடசாலைக்கும் மருந்தகத்துக்கும் நடந்து போகும் பாதையை ஒரு வாரயிறுதியில் உழுதுவிட்டுப் போனால், திங்கட்கிழமை அதே சேற்றில் பிள்ளைகள்தான் நடக்கவேண்டும்.

குழுக்களைத் தடைசெய்யச் சொல்லவில்லை. மீமுரேயில் சமைத்துப் போடும் வீடுகளுக்கும் வழிகாட்டும் இளைஞர்களுக்கும் அவர்களால் வருமானம் உண்டு. ஆனால் மழை பெய்யும்போதுதான் சேறு சுவாரசியம் என்று டிசம்பரில் கிளம்பும் பழக்கம் நிற்கவேண்டும். உடுதும்பறைக்கு மண்சரிவு எச்சரிக்கை வந்தால் குழுத் தலைவர் அன்றே பயணத்தை ரத்துசெய்ய வேண்டும். வனப் பாதுகாப்புத் திணைக்களமும் அனுமதி கொடுக்கும்போதே எந்தப் பாதைக்கு என்று எழுதிக்கொடுத்து, அதை விட்டு விலகும் வண்டிக்கு அடுத்தமுறை அனுமதி மறுக்க வேண்டும்.