கிட் காருக்குப் பின் பிரேக் மாத்தணுமா? முதல்ல மொத்த பில்லைப் பாருங்க

போன வீடியோவில் என் பழைய ஃபோட்டோ ஒண்ணு வந்துச்சு. கையெல்லாம் கிரீஸ், பின்னாடி பாதி கட்டின நீலக் கார். "அது என்ன வண்டி, எவ்வளவு செலவாச்சு?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எவ்வளவு செலவாச்சுன்னு சொல்றதுக்குக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு. ஆனா சம்பளத்துல வாழுற உங்களுக்கு அந்தக் கணக்கு உதவும்.

நான் மூணு வருஷம் இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் ஆன்சைட்ல இருந்தேன். அது ஜாகுவாரோட ஊர். அங்கே கிட் கார்னு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கம்பெனி சேசிஸும் பாடியும் விக்கும். எஞ்சின், சஸ்பென்ஷன் எல்லாம் ஏதாவது பழைய காரிலிருந்து எடுத்து நாமே வீட்டு கராஜில் கோக்கணும். எங்க டீம் சீனியர் ஒருத்தர், நான் அண்ணான்னுதான் கூப்பிடுவேன், பாதியில் நின்ன ஒரு கோப்ரா ரெப்ளிகாவை வாங்கிட்டு "பாதி பங்கு போடுறியாடா?"ன்னு கேட்டார். போட்டேன். அதுவரைக்கும் தப்பில்லை, இன்னிக்கும் அப்படித்தான் சொல்வேன். சனிக்கிழமை பூரா சந்தோஷமா போச்சு.

தப்பு பின் பிரேக்கில் ஆரம்பிச்சது.

அந்த வண்டிக்குப் பின்னாடி இருந்தது பழைய ஜாகுவார் எக்ஸ்ஜே6-ஓட இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். 1961-ல் இ-டைப்போட வந்த டிசைன், பல வருஷம் ஓடினது. இதுல ஒரு வினோதம் உண்டு. பிரேக் டிஸ்க் சக்கரத்துப் பக்கம் இருக்காது. உள்ளே, டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கும். சக்கரத்தோட சேர்ந்து மேலும் கீழும் ஆடுற எடை குறையும், ரோட்டில் வண்டி நல்லா உக்காரும். நல்ல யோசனைதான். ஆனா பிரேக் சூடு நேரா டிஃபரன்ஷியலுக்குப் போகும். சீல் காய்ஞ்சு போச்சுன்னா ஆயில் கசிஞ்சு டிஸ்க் மேலேயே விழும். டிஸ்க்கோ டிரைவ் ஷாஃப்டுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவுல மாட்டியிருக்கு. அந்த ஷாஃப்ட்தான் சஸ்பென்ஷனோட மேல் கையும். டிஸ்க்கைக் கழட்டினா சக்கரத்தோட சாய்வை வைக்கிற ஷிம் தகடுகளும் கையோட வரும். அதனால பல பேர் மொத்தக் கூண்டையும் கீழே இறக்கித்தான் வேலை பார்ப்பாங்க.

இப்படி ஒரு இடத்துல, நல்லா இருந்த காலிப்பரைத் தூக்கிட்டு நாலு பிஸ்டன் ஆஃப்டர்மார்க்கெட் காலிப்பர் போடலாம்னு அண்ணா சொன்னார். காரணம்? "முன்னாடி புதுசா பளபளன்னு இருக்கு, பின்னாடி துருப்பிடிச்சிருக்கு, பார்க்கவே நல்லா இல்லடா." வண்டிக்கு அடியில படுத்தாத்தான் அந்தக் காலிப்பர் கண்ணுக்கே தெரியும். அப்போ எனக்கு இது தோணலை.

ஜோடி 480 பவுண்டு. சரி, பரவாயில்லைன்னு ஆர்டர் போட்டோம்.

புது காலிப்பர் பழைய போல்ட் இடத்துல உக்காராது, அதனால பிராக்கெட் கடைஞ்சு வாங்கணும். 140. ஜாகுவாரில் ஹேண்ட் பிரேக்குக்குத் தனியா குட்டி காலிப்பர் உண்டு. அது புது பிராக்கெட்டில் இடிச்சது. அங்கே பார்க்கிங் பிரேக்கை மெக்கானிக்கலாத்தான் பிடிச்சு வைக்கணும், ஹைட்ராலிக் பிரஷரை லாக் பண்ணி வைக்கிற கதையெல்லாம் செல்லாது. ஆக வேற மெக்கானிக்கல் காலிப்பர் ஒரு ஜோடி. 190. ஹோஸ், பைப் 70. கூண்டை இறக்கியாச்சு, டிஃபரன்ஷியல் சீலையும் இப்பவே மாத்திடுவோம். 90.

எல்லாம் மாட்டி டிரெய்லரில் ஏத்தி ஐவிஏ டெஸ்டுக்குக் கொண்டு போனோம். வீட்டில் கட்டின காரை ரோட்டில் ஓட்ட அந்த அரசு டெஸ்ட் பாஸ் ஆகணும். ஃபெயில்! பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முன்னாடியே லாக் ஆகுதாம்.

ஏன்னு கொஞ்சம் விளக்கறேன், இதுதான் முக்கியம். பிரேக் அழுத்தினா வண்டியோட எடை முன்னாடி சாயும், பின் சக்கரம் லேசாகும். லேசான சக்கரத்தை அதிகமா பிடிச்சா அது சறுக்கும், வண்டி சுத்திடும். மழையில அது நடந்தா ஓட்டுறவன் உயிர்தான் விலை. டெஸ்ட்ல கண்டுபிடிச்சது எங்க நல்ல நேரம். டிஸ்க்கும் பேடும் அதேதான்னு வைங்க, பிடிக்கிற சக்தி பிஸ்டன் பரப்பைப் பொறுத்தது. விட்டம் 10 சதவீதம் கூடினா பரப்பு 21 சதவீதம் கூடும். முன்னாடி எதையும் கூட்டாம பின்னாடி மட்டும் கூட்டிட்டோம்.

இன்னொண்ணு. அந்தப் பழைய பிரேக் ஒன்றரை டன்னுக்கு மேல இருக்கற ஜாகுவாரை நிறுத்தினது. எங்க கோப்ரா ஒரு டன் சொச்சம். ஏற்கெனவே தேவைக்கு மேலதான் இருந்தது!

சரி செய்ய ஒரு ப்ரொபோர்ஷனிங் வால்வு, 60 பவுண்டு. அது பின் பிரேக்குக்குப் போற பிரஷரைக் குறைக்கும். பாருங்க கூத்தை: பிரேக்கைக் கூட்ட 480 கொடுத்தோம், கூடினதைக் குறைக்க 60 கொடுத்தோம். பெரிய பிஸ்டனுக்கு ஆயிலும் அதிகம் வேணும், பெடல் ரொம்ப உள்ளே போச்சு. பெரிய மாஸ்டர் சிலிண்டர் 95. மறு டெஸ்ட், டிரெய்லர் வாடகை சேர்த்து 200.

கூட்டிப் பாருங்க: 1,325 பவுண்டு. அப்போ ஒரு பவுண்டு சுமார் 100 ரூபாய். 480-ஐத்தான் நாங்க விலைன்னு நினைச்சோம், அது வெறும் டவுன் பேமெண்ட்.

இதுல என் பாதி எங்கிருந்து வந்துச்சுன்னா, எமர்ஜென்சி ஃபண்டிலிருந்து. "அடுத்த மாசம் போட்டுடலாம்"னு எடுத்தேன். வண்டி பாஸான நாலாவது வாரம் ப்ராஜெக்ட் முடிஞ்சது, சென்னைக்குத் திரும்புன்னு மெயில். இங்கே வந்து வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கையில் காசு இல்லை. பர்சனல் லோன் எடுத்தேன். அப்பாகிட்ட காரணம் சொல்ல வாய் வரலை.

என் கருத்து நேரா சொல்றேன். ரோட்டில் ஓட்டுற கிட் காருக்கு, டோனர் காலிப்பர் பாடி நல்லா இருந்தா பின் பிரேக்கை மாத்தாதீங்க. கூண்டு வெளியில இருக்கும்போதே சீல் கிட், பிஸ்டன், புது பேட், ஹோஸ், புது டாட் 4 ஆயில் போடுங்க. எங்களுக்கு அது 300 பவுண்டுக்குள்ள முடிஞ்சிருக்கும். ரேஸுக்கான சில காலிப்பர்ல டஸ்ட் சீலே இருக்காது, மழை ரோட்டில் அடிக்கடி பிரிச்சு மேய வேண்டி வரும். டிராக்ல ஓட்டி டிஃபரன்ஷியலே கொதிக்குதுன்னா கதை வேற. அப்போ பிரேக்கை வெளியே சக்கரத்துக்கு நகர்த்துறது நியாயம். அதையும் நாலு சக்கரத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுச் செய்யணும். இன்ஷூரன்ஸுக்கும் மாற்றத்தைச் சொல்லணும்.

ஊரில் இருந்து படிக்கறவங்க ஆசைப்படாதீங்க. இங்கே மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இருக்கு. கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டும் 2019-ல் சொல்லியாச்சு.

வண்டி இப்போ அண்ணாகிட்டதான் இருக்கு. கழட்டின ஜாகுவார் காலிப்பர் ரெண்டும் அவர் கராஜில் ஒரு பிஸ்கட் டப்பாவில். என் பங்கை அவர் மாசாமாசம் கொஞ்சமா அனுப்பறார், இன்னும் ஏழு மாசம் பாக்கி. நான் போட்ட செலவு ஷீட் வேணும்னா வீடியோ டிஸ்கிரிப்ஷனில் லிங்க் இருக்கு. "இதை மாத்தினா வேற எதை மாத்தணும்"ங்கற காலத்தை மட்டும் காலியா விட்டுடாதீங்க.