பழைய இரும்பு பொறுக்கும் தம்பிகளுக்கு

2018 ஆகஸ்டு 10. சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்குப் போன ஒரு வாகனத்திலிருந்து 23 கிலோ எடையுள்ள கருவி ஒன்று காணாமல் போனது. உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று படம் பிடித்துப் பார்க்கும் கருவி. உள்ளே இருந்தது இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள். பயங்கரவாதிகள் கையில் சிக்கினால் என்னாவது என்றுதான் அப்போது பலரும் பேசினார்கள். எனக்கு நினைவுக்கு வந்தது பழைய இரும்புக் கடை.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். பள்ளி விடுமுறையில் செம்பனைக் காட்டு ஓரத்திலும் கால்வாயிலும் கிடக்கும் இரும்பைப் பொறுக்கி எடைக்குப் போட்டால் கைச்செலவுக்கு ஆகும். கனமான பொருள் கிடைத்தால் அன்று கொண்டாட்டம். 23 கிலோவை இரண்டு பையன்கள் தாராளமாகத் தூக்கிவிடுவார்கள்.

கதிரியக்கக் கழிவு என்றாலே நாம் புக்கிட் மேராவையும் கெபெங் லைனாஸ் ஆலையையும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் 2010இல் டில்லி மாயாபுரியில் ஆபத்து எந்த ஆலையிலிருந்தும் வரவில்லை. டில்லிப் பல்கலைக்கழகம் பயன்படுத்தாமல் வைத்திருந்த பழைய கருவியை ஏலத்தில் விற்றது. பழைய இரும்புக் கடையில் அதை உடைத்தார்கள். உள்ளே கோபால்ட்-60. ஒரு தொழிலாளி இறந்தார், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில் கைவிடப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்து வந்த, இருட்டில் நீலமாக ஒளிரும் தூளை வீட்டுக்கு வீடு பகிர்ந்துகொண்டார்கள். நால்வர் இறந்தனர், அவர்களில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி.

ஐந்தாம் படிவ இயற்பியலில் அரை ஆயுள் கணக்குப் போடுகிறோம் அல்லவா? இரிடியம்-192க்கு அது சுமார் 74 நாள். ஓர் ஆண்டில் அதன் வீரியம் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகிவிடும். கோபால்ட்-60க்கோ ஐந்து ஆண்டுக்கும் மேல். சீசியம்-137க்கு 30 ஆண்டு. மூலையில் போட்டு மறந்துவிட்டால் தானாக அடங்கிவிடும் என்று எல்லாவற்றையும் நம்ப முடியாது.

நம் நாட்டில் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் இருக்கிறது. பாங்கியில் அணுசக்தி நிறுவனமும் இருக்கிறது. பயன்பாடு முடிந்த கதிரியக்க மூலத்தைத் தயாரித்தவரிடமே திருப்பி அனுப்புவதோ, உரிய காப்பிடத்தில் ஒப்படைப்பதோ உரிமம் பெற்றவரின் பொறுப்பு. இது ஏட்டில் சரி. பழைய இரும்பை எடைபோடும் இடத்திலும் கதிர்வீச்சு அளக்கும் கருவி கட்டாயமாக வேண்டும் என்பேன். செலவு அதிகம் என்று கடைக்காரர் முனகுவார், அரசு உதவட்டும்.

அதுவரை, மஞ்சள் நிறத்தில் மூன்று கரும் இதழ்கள் கொண்ட அந்தச் சின்னத்தைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யார் காட்டுவது? பாடநூலில் பார்த்த நீங்கள்தான். அதைக் கண்டால் தொடாதே, உடைக்காதே, விலகிப் போய் 999க்கு அழை என்று தமிழில் ஒரு தாளில் எழுதி, மளிகைக் கடைச் சுவரில் ஒட்டுங்கள். இரும்பு வாங்க வரும் லாரிக்காரரிடமும் ஒன்று கொடுங்கள்.