கணக்கறியாப் புனைவு

தமிழில் அறிவியற் புனைகதைகள் பெருக வேண்டும் என்று நாம் விரும்புகின்றோம். பெருகுவன அறிவியலாகவும் இருத்தல் வேண்டுமன்றோ? ‘பத்து ஒளியாண்டுகளுக்கு முன்னர்’ என்று காலங் காட்டுகின்றார் ஒருவர். ஒளியாண்டு காலமன்று, ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு, ஏறத்தாழ 9.46 இலக்கங் கோடி கி.மீ. காற்றே இல்லா விண்வெளியில் வெடிமுழக்கம் கேட்கச் செய்கின்றார் இன்னொருவர். கேட்டால், ‘கதைதானே, இதற்கேன் கணக்கு?’ என்கின்றனர்.

இத்துறைக்கு வழிகோலியவருள் ஒருவராகிய பிரெஞ்சு எழுத்தாளர் சூல் வெர்ன் அவ்வாறு கருதினாரல்லர். 1865-இல் வெளிவந்த அவருடைய நிலாச்செலவுக் கதையில், 900 அடி நீளமுள்ள மாபெருஞ் சுடுகுழலிலிருந்து (பீரங்கி) மூவர் அமர்ந்த குண்டு நிலாவை நோக்கி எய்யப்படுகின்றது. அதன் விரைவு நொடிக்கு ஏறத்தாழ 11 கி.மீ. ஞாலத்தின் ஈர்ப்பினின்று விடுபடத் தேவையான விரைவும் ஏறத்தாழ அதுவே. எய்யுமிடமாக அவர் தேர்ந்தது புளோரிடா. 1969-இல் அப்பல்லோ 11 மூவருடன் கிளம்பியதும் அம்மாநிலத்திலிருந்துதான்.

ஆயினும் வெர்ன் பிழைத்த இடங்களும் உள. 900 அடிக்குள் அவ்வளவு விரைவை எய்த வேண்டுமாயின், உள்ளிருப்போரின் உடல் தன் எடையைப் போல் இருபதாயிரம் மடங்கிற்கு மேற்பட்ட அழுத்தத்திற்கு உள்ளாகும். எழுபது கிலோ மாந்தன் ஆயிரத்து நானூறு தன்னுக்கு மேல் எடையுள்ளவன் போல் நசுங்கிப் போவான். வெர்ன் அமைத்த நீர்மெத்தை அவனைக் காவாது.

இன்னொன்று இதனினும் சுவையானது. இக்கதையின் தொடர்ச்சியில், வழியில் இறந்த நாயின் உடலைக் குண்டிலிருந்து வெளியே எறிகின்றனர். அது கீழே விழாமல் குண்டுடனேயே வருகின்றது. முற்றும் சரி! ஆனால் வெளியே உள்ள நாய் குண்டோடு ஒத்துச் செல்லுமாயின், உள்ளே உள்ளவர்களும் அவ்வாறே தளத்தை அழுத்தாமல் மிதக்க வேண்டுமே. வெர்னோ, ஞாலத்தின் ஈர்ப்பும் நிலாவின் ஈர்ப்பும் சமனாகும் ஓரிடத்தில் மட்டுமே அவர்களை எடையற்றவர்களாக்கினார். மெய்யின் வாயிற்படி வரை வந்து உட்புகாமல் நின்றுவிட்டார்.

எனினும் இப்பிழைகளை நாம் காட்ட முடிவது, அவர் அளவுகளைத் தந்து எழுதியமையால்தான். அவர் கதைகளால் தூண்டப்பெற்ற உருசிய அறிஞர் சியோல்கோவ்சுகி, 1903-இல் ஏவூர்திச் செலவின் கணக்கை வெளியிட்டார். ஒரே வெடிப்பில் எய்யாமல் சிறிது சிறிதாக விரைவு கூட்டும் வழி அது. மாறாக, ஈர்ப்பை மறைக்கும் ஒரு பொருளை 1901-இல் வெல்சு தம் நிலாக்கதையில் படைத்துக்கொண்டார். அழகிய கதைதான், ஆனால் அப்பொருளைக் கொண்டு எவரும் எதையும் கணக்கிட முடியாது. வெர்னுக்கே அது பிடிக்கவில்லை.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். அயற்சொல்லைக் களைந்து தமிழ்ச்சொல்லைப் பெய்த அளவிலேயே அறிவியல் தமிழாகிவிட்டதென மகிழ்வோர் நம்முள் உளர். நிறை, எடை என இரு சொற்கள் நம் பாடநூல்களில் உள்ளன. பொருளில் அடங்கியுள்ள பருமையின் அளவு நிறை. அதன்மேல் ஈர்ப்புச் செலுத்தும் விசை எடை. நிலாவில் எடை ஆறிலொரு பங்காகும், நிறை மாறாது. ‘நிலாவில் அவன் நிறை குறைந்தது’ என்றெழுதினால் சொல் தூய தமிழ், செய்தி பொய். அவ்வாறே, 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் விண்நிலையத்தில் ‘ஈர்ப்பில்லை’ என்பதும் பொய். அங்கும் ஈர்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு உண்டு. நிலையமும் உள்ளிருப்போரும் ஒன்றாய் விழுந்துகொண்டே சுற்றுவதால்தான் மிதக்கின்றனர், வெர்னின் நாயைப் போல.

அயற்சொல் விரவிய மெய்யினும் தூய தமிழிற் சொன்ன பொய்யே நம் மொழிக்குப் பெருங்கேடு என்பேன். தமிழ்வழிப் பயிலும் சிறுவன் கதையிற் கண்டதை வகுப்பில் சொல்லி, ‘தமிழ்ப் பொத்தகத்தில் படித்தாயோ?’ என்ற நகைப்புக்கு ஆளாவானாயின், அவன் மறுநாளே ஆங்கிலக் கதை தேடிப் போவான். அவனை அனுப்பி வைத்தவர் நம் எழுத்தாளரே.

இதற்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை. மேனிலைப் பள்ளி இயற்பியல் நூல் தமிழிலேயே கிடைக்கின்றது. விரைவின் இருபடியைத் தொலைவின் இருமடங்கால் வகுக்கத் தெரிந்த எவரும், வெர்னின் சுடுகுழலை ஒரு தாளின் பின்புறத்திலேயே ஆய்ந்துவிடலாம்.