தாதியின் விரலும் தொடுதிரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வறிய தேசங்களின் ஆஸ்பத்திரிகளுக்குக் கணினி வீண் ஆடம்பரமே என்று தங்கள் பத்திரிகையில் அன்பர் ஒருவர் எழுதியிருந்ததை வாசித்தேன். அவ்வபிப்பிராயம் எனக்குச் சம்மதமன்று.

ஆப்பிரிக்காவின் மலாவி தேசத்துத் தலைநகரான லிலோங்வேயில், 2001ஆம் ஆண்டளவில், ஜெரி டக்ளஸ் என்பாரும் அவருடைய சகாக்களும் குழந்தை நோயாளிகளைப் பதிவுசெய்யும் முறையொன்றை ஆரம்பித்தார்கள். அமெரிக்கச் சந்தையில் விலைபோகாமல் கழிந்த இணையக் கருவிகளைச் சொற்ப விலைக்கு வாங்கி, அவற்றைத் தொடுதிரைகளாக மாற்றியமைத்தது அவர்களுடைய சாமர்த்தியம். விசைப்பலகையில் பழக்கமில்லாத தாதியும், திரையில் ஒவ்வொன்றாகத் தோன்றும் வினாவுக்கு விரல்நுனியால் விடையளித்து முடித்தவுடன், பட்டைக்கோடு அச்சிட்ட சிறு சீட்டொன்று வெளிவரும். நோயாளி எப்போதும் தம் கைவசம் வைத்திருக்கும் சுகாதாரக் குறிப்பேட்டில் அது ஒட்டப்படும். ஆகவே, மறுமுறை வருகிறவரை அடையாளங் காண்பதும் எளிது. இயந்திரம் படுத்துக்கொண்டாலும் சிகிச்சையின் விவரம் ஏட்டோடு நோயாளியிடமே இருக்கும். காகிதத்தை அடியோடு ஒழித்துவிட வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்காத இந்த விவேகத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். மின்சாரச் செலவும் அற்பமே. மின்சாரம் நின்றுபோனால் பாட்டரி கைகொடுக்கும்.

பின்னாளில் எய்ட்ஸ் சிகிச்சைப் பதிவுக்கும் பயன்பட்ட இம்முறையைப் பேணுவதற்கு அந்நாட்டு இளைஞர்களே பயிற்றுவிக்கப்பட்டார்கள். கருவிகளைத் தானமளிக்கும் பிரபுக்களும், அவற்றைப் பெற்றுக்கொள்ளும் அரசாங்கங்களும், கொள்முதலுக்கு முன்பாக, அவற்றைக் கையாளப்போகிற தாதியரை ஒருமுறை கலந்தாலோசிக்க வேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகன்